எம்பிள்ளை பேண்ட் போடமாட்டான்

போன மாதம் எங்கள் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் நம் வயதுக்காரர்கள் ஐந்தாறு பேர் ஃபேனுக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளைக்கு வாடகைக் கோட்டு, கத்தரிப்பூ நிறம். உள்ளே இன்னொரு குட்டைக் கோட்டு, கழுத்தில் டை. வேர்வை ஆறாக ஓடியது. மேடைக்குக் கீழே ஒரு பையன் இரண்டு முழங்காலும் தெரிகிற மாதிரி கிழிந்த ஜீன்ஸோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, அந்தப் பயலுக்கு ஒரு ஊசியும் நூலும் குடுக்க ஆளில்லையா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தோம். அப்போது எங்களோடு இருந்த ஒரு அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ன இருந்தாலும் நம்ம காலத்துல ஆம்பளைன்னா வேட்டிதான். அந்த மரியாதை எதுல வரும்?" என்றார். எல்லாத் தலையும் ஆடியது. என் தலை ஆடவில்லை. இலை போடுகிற நேரத்தில் சொல்லுகிற கதையா அது என்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். என்னோடு தலையாட்டி வளர்ந்தவர்கள் நீங்கள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

முதலில், நம் காலத்தில் எல்லோரும் வேட்டிதான் கட்டினோம் என்பதே பச்சைப் பொய். அந்த அண்ணாச்சியே பெல்பாட்டம் போட்டுக்கொண்டு தெற்கு ரத வீதியைப் பெருக்கிக்கொண்டு போனவர்தான். உங்களுக்கும் நினைவிருக்கும். தொடையில் ஒட்டிப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே பாவாடை மாதிரி விரியும். தரையில் உரசி விளிம்பு நைந்துபோகாமல் இருக்க, அடியில் ஜிப்பைப் பிரித்து ஒரு பாதியைச் சுற்றிலும் வைத்துத் தைத்திருப்பார்கள். சிமெண்டுத் தரையில் நடந்தால் கரகரவென்று சத்தம் வரும். ஆள் தெருமுனை திரும்புவதற்கு முன்னாலேயே பேண்ட் திரும்பிவிடும். சட்டைக் காலர் நாய்க்காது மாதிரி இரண்டு தோளிலும் தொங்கும். துணி என்றால் டெரிலின், டெரிகாட்டன். கொஞ்சம் வசதி இருந்தால் டபுள் நிட். சித்திரை வெயிலில் அதைப் போட்டால் உடம்பு உள்ளேயே வெந்துவிடும். ஆனாலும் கசங்காது, வெளுக்காது, கஞ்சி கேட்காது. அதற்காக ஒரு தலைமுறையே வெந்தது.

எங்கள் வீட்டில் மட்டும் அது நுழையவில்லை. அப்பாவுக்கு மேலநீலிதநல்லூர் போகிற பாதையில் நிலம். கொஞ்சம் கிணற்றுப் பாசனம், மிச்சம் வானம் பார்த்தது. வயலுக்கு நாலு முழம், ஊருக்கு எட்டு முழம், கல்யாணம் காட்சிக்கு மல் வேட்டி. சட்டைகூட வெளியூர் போனால்தான். அவர் வேட்டி கட்டுகிற அழகை நான் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். இரண்டு முனையையும் விரித்து ஒருதரம் உதறுவார். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா எங்கோ புறப்படுகிறார் என்று அர்த்தம். கோபம் வந்தால் மடித்துக் கட்டுவார், பெரியவர்களைக் கண்டால் இறக்கிவிடுவார். அவருடைய பேச்சில் பாதி வேட்டியிலேயே முடிந்துவிடும்.

பேண்ட்டின் மேல் அவருக்கு இருந்த கோபம் வெறும் பழைய பஞ்சாங்கத்தனம் இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, அதன் பெயர் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. பம்பாய்க்கு வேலைக்குப் போனவர், நான் பிறப்பதற்கு முன்னாலேயே அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் முடித்துக்கொண்டார். ஒரே ஒருமுறை அவரைப் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிற சபாரி போட்டு வந்தார். அப்படியொரு துணியை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. சட்டையும் பேண்ட்டும் ஒரே துணி, சட்டைக்கு நாலு பாக்கெட். எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்குப் பந்தியில் தரையில் இலை போட்டார்கள். சித்தப்பா சம்மணம் போட்டுப் பார்த்தார், முடியவில்லை. ஒருக்களித்துப் பார்த்தார், பேண்ட் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் நெல்லு மூட்டை மேல் உட்கார்ந்து தட்டைக் கையில் வைத்துச் சாப்பிட்டார். நாங்கள் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் தாத்தா செத்தபோது தந்தி போயும் சித்தப்பா வரவில்லை. கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த அப்பா, பாதித் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தாராம். அன்றைக்கு அவர் மனசில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. பேண்ட் மாட்டினவன் வீடு தங்க மாட்டான் என்பதுதான் அது.

சொல்ல வந்த கதை நடந்தபோது எனக்கு எட்டு வயது. அண்ணனுக்கு இருபத்திரண்டு. நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அதனால் அண்ணன் எனக்குப் பாதி அப்பா. அப்பாவைவிட வளர்த்தி, ஆனால் ஒல்லி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்படித்து, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஆபீஸ் வேலையில் சேர்ந்திருந்தான். காலையில் கரி எஞ்சின் ரயிலில் போவான், இருட்டுகிற நேரத்தில் அதே மாதிரி ஒரு ரயிலில் திரும்புவான். போகும்போது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தூக்குவாளி. இருபத்திரண்டு வயதுப் பையன் கட்சிக்காரர் மாதிரி போய்க்கொண்டிருந்தான்.

அவன் அப்பாவிடம் ஒருதரம் கேட்டான். நான் பக்கத்தில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

"யப்பா, மில்லுல ஆபீஸ் ஆளுக எல்லாம் பேண்ட்டுதான் போடுதாங்க. மேனேஜரு ரெண்டு வாட்டி சொல்லிட்டாரு."

"ஏன், அவரு வீட்டுச் சோத்தையா திங்கே?"

"அவரு குடுக்க சம்பளம்லாப்பா."

"ஏலே, ஒஞ்சித்தப்பனும் இதத்தான் சொன்னான். ஆபீஸ்ல போடச் சொல்லுதான்னான். போட்டான், போனான். பெத்த தகப்பன் செத்ததுக்கு வந்தானா?"

"நான் ராஜபாளையந்தானப்பா போறேன். பம்பாய்க்கா போறேன்?"

"நான் கண்ண மூடுன பொறவு என்ன எழவை வேணும்னாலும் மாட்டிக்கோ."

அண்ணன் எழுந்து உள்ளே போனான். அப்பாவும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதைவிடப் பெரிய சொற்களெல்லாம் தினமும் விழுகிற வீடுதான் எங்களுடையது.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் ஒரே ஒரு கோட்டு வைத்திருப்பார்களே, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஊரிலுள்ள எல்லா உடம்புக்கும் அந்த ஒரு கோட்டுதான். ஒல்லியானவனுக்கு முதுகில் கிளிப்புப் போட்டு இழுப்பார்கள், குண்டானவனுக்குப் பொத்தானைத் திறந்துவிட்டு டையைத் தொங்கவிடுவார்கள். நாப்தலின் உருண்டையும் நூறு பேர் வேர்வையும் சேர்ந்த ஒரு வாடை அதற்கு. அண்ணன் என்னைக் கூட்டிப்போய் அதைப் போட்டுக்கொண்டு மார்பளவுப் படம் ஒன்று எடுத்தான். மேலே கோட்டு, டை. கீழே வேட்டி, படத்தில் தெரியாது. நான் சிரித்த சிரிப்பில் போட்டோக்காரர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "யாருலே இது? நம்ம வீட்டுப் பிள்ள மாரி இல்லையே" என்றார். அம்மா அதை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். கரையான் அரித்துப் போயிற்று. இன்றைக்கு அண்ணனுக்கென்று ஒரு படம்கூட என்னிடம் இல்லை.

இனிச் சொல்லப்போவது அப்போது எனக்குத் தெரியாது. அம்மா பின்னாளில், நானே இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது.

வீட்டுத் துணியெல்லாம் அம்மாதான் துவைப்பாள். துவைக்கிறவளுக்கு வீட்டில் எதுவும் மறையாது. கரி எஞ்சின் ரயிலில் போய்வருகிறவன் வேட்டி கருகருவென்று வரவேண்டும். அண்ணன் வேட்டியில் மடிப்பு விழுந்திருந்ததே தவிர ஒரு பொட்டுக் கரி கிடையாது. நாலு வாரம் பார்த்திருக்கிறாள். ஒருநாள் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது, "ஏலே, நீ ரயில்லதான் போறியா, இல்ல பறந்து போறியா?" என்று கேட்டாள். அண்ணன் சிரித்துவிட்டான். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு டெய்லர் கடை. அங்கே ஒரு பேண்ட்டும் பூப்போட்ட சட்டையும் தைத்து வைத்திருந்தான். காலையில் கடைக்குள் போய் வேட்டியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பேண்ட் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவான். ரயிலை விட்டு இறங்கினதும் மறுபடி கடைக்குள் போய் வேட்டிக்கு மாறிக்கொண்டு வீட்டுக்கு வருவான். டெய்லர் அவனுக்குச் சிநேகிதக்காரர்.

அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "கொண்டா, நான் தொவச்சுத் தாரேன். டெர்லினு துணி வேர்வை குடிச்சா நாறிப்போவும்" என்றாள். அப்பா வயலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பேண்ட் துணிப்பைக்குள் வீட்டுக்கு வரும். புறவாசலில் துவைத்து, கொடியில் போட்டு, அதன்மேல் தன் சேலையைப் போட்டு மூடிக் காயவைப்பாள். காப்பிப்பொடி நிறம். "நனைஞ்சா ஒரு ஆள் கனம் கனக்கும்ட்டி" என்று என்னிடம் சொல்லும்போது, அவள் கை எதையோ தூக்கிப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டது. மகனோடு தனக்கென்று ஒரு ரகசியம் இருந்ததில் அவளுக்குச் சந்தோஷம் இருந்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை நான் இப்போதும் குறை சொல்ல மாட்டேன்.

ஆடித் தபசுத் திருவிழா வந்தது. தபசு நேரத்தில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுப்பட்டி சனம் அத்தனையும் இங்கேதான். ஆடிக் காற்று புழுதியை வாரி வாரி வாயில் போடும். ரயிலில் உள்ளே இடம் கிடைக்காமல் படியில் தொங்கிக்கொண்டு வருவார்கள். அப்பா அந்த வருஷம் அண்ணனுக்கு மயில்கண் கரை போட்ட புது வேட்டி எடுத்திருந்தார். தபசுக்கு முந்தின நாள் காலையில் அதைக் கட்டிக்கொண்டுதான் அண்ணன் வேலைக்குப் போனான். "சாயங்காலம் வெரசலா வந்துருதேன். ஒன்ன ராட்டினம் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்" என்று என் சடையை இழுத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் வரவில்லை. நான் புதுப் பாவாடை கட்டி, வாசலில் நின்று, அழுது, தூங்கிப் போனேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தபசுக் கூட்டம், சிநேகிதப் பையன்களோடு சுற்றுவான் என்றார்கள். தபசன்றைக்கும் காணவில்லை. அப்போதுதான் அப்பா வீதியில் இறங்கினார். அத்தனை சனக்கூட்டத்துக்குள் நுழைந்து தேடினார். சாமி தபசுக் காட்சி கொடுத்தபோது எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்களாம், அப்பா மட்டும் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று மாமா சொல்லியிருக்கிறார். மாமா அம்மாவின் தம்பி. அப்பாவோடு எல்லா இடத்துக்கும் போனது அவர்தான். அப்பா தேடியது மயில்கண் கரை வேட்டியை.

மறுநாள் ஸ்டேஷனில் ஒருவர் சொன்னார், ரயிலிலிருந்து விழுந்து ஒரு வாலிபப் பையன் செத்துப்போனான், ஆள் யாரென்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்று. அப்பாவும் மாமாவும் பஸ் பிடித்துப் போனார்கள். அங்கே நடந்ததை மாமா சாகிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால் என்னிடம் சொன்னார்.

பிணவறை வாசலில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். நல்ல மனுஷன்தான் என்றார் மாமா. "முகத்த வச்சு அடையாளம் சொல்ல முடியாது பெரியவரே. துணிமணிய வச்சுத்தான் சொல்லணும். காப்பிப்பொடி கலர் பேண்ட்டு, பூப்போட்ட சட்டை" என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு மூச்சு திரும்பி வந்தது. தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது வேற ஆளுங்க. எம்பிள்ளை பேண்ட் போடமாட்டான்."

"இம்புட்டுத் தூரம் வந்துட்டிய. உள்ள வந்து ஒரு எட்டு பாத்துருங்க. கை காலு பாத்தா தெரியும்லா."

"எதுக்கு? அவன் வேட்டிதான் கட்டுவான். ஊருல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

போலீஸ்காரர் ஒரு துண்டுத் துணியை எடுத்து நீட்டினார். பேண்ட் இடுப்புப் பட்டியிலிருந்து கத்தரித்த துண்டு. அப்பா அந்தக் கையையே தட்டிவிட்டார். "பேண்ட்டை என்ட்ட ஏன் காட்டுதிய?" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். மாமா, "அத்தான், நான் மட்டும் பாத்துட்டு வாரேன்" என்று இழுத்தாராம். அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை மீறி நம் வீடுகளில் எந்த மச்சினன் உள்ளே போவான்?

அப்பா வீட்டுக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. தபசுக் கடையில் சீரணி மிட்டாய் வாங்கி வந்திருந்தார். கருப்பட்டிப் பாகு கையெல்லாம் ஒட்ட நான் தின்றுகொண்டிருந்தேன்.

"நம்ம பய இல்ல. எவனோ ஒரு பேண்ட்டு போட்ட பய. யார் பெத்த பிள்ளையோ, பாவம்" என்றார்.

அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன நெறம்?"

"எது?"

"அந்தப் பேண்ட்டு."

"காப்பிப்பொடி கலருங்காங்க. எந்த நெறமா இருந்தா ஒனக்கென்ன? சீலையாக் கட்டப் போறியா?"

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சோறு குழைந்து போயிற்று. அப்பா அதற்கும் ஒரு வார்த்தை சொன்னார்.

ஏம்மா அப்பவே சொல்லலை என்று நான் பிற்பாடு கேட்டேன். பயந்திருப்பாள் என்று நினைத்துத்தான் கேட்டேன். அம்மா சொன்னாள்: "சொல்லிட்டா செத்துருவான்லா மக்கா. சொல்லாத வரைக்கும் அது வேற எவனோதான?"

விடிந்ததும் கோயிலுக்குப் போகலாம் என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கோயில் பக்கம் போகவில்லை. ஸ்டேஷன் பாதையில் டெய்லர் கடை முன்னால் நின்றாள். கடை பலகை போட்டுப் பூட்டியிருந்தது. டெய்லர் தபசுக்கு முந்தின நாள் மத்தியானமே இளையரசனேந்தலுக்கு, அவருடைய ஊருக்குப் போய்விட்டார் என்று பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர்தான் சொன்னார். சாவியை வாசல் நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவாராம், அண்ணன் வந்து வேட்டி மாற்றிக்கொண்டு பூட்டிவிட்டுப் போகட்டும் என்று. அம்மா நிலைக்கு மேலே தடவினாள். சாவி இருந்தது. கையில் எடுத்தாளே தவிர திறக்கவில்லை. பலகைக்கு நடுவில் என் உயரத்துக்கு ஒரு இடுக்கு. "குனிஞ்சு பாருட்டி. உள்ள என்ன தெரியுது?" என்றாள்.

கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டாக இருந்தது. மெஷின் எண்ணெய் வாடை வந்தது. கொஞ்சம் பழகின பிறகு சுவரில் வெள்ளையாகத் தெரிந்தது, கரையும் தெரிந்தது.

"அண்ணன் வேட்டிம்மா! மயில்கண் வேட்டி தொங்குது!" என்றேன். அண்ணன் உள்ளே எங்கோ இருக்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. கையைக்கூடத் தட்டினேன்.

அம்மா அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேட்டி இங்கே தொங்குகிறதென்றால் அவன் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளவே இல்லை.

அங்கிருந்து நேரே வயலுக்கு நடந்தாள். நான் ஓடி ஓடிப் பின்னால் போனேன். அப்பா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் போய் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. அப்பா அடிக்கக் கையை ஓங்கியது தெரிந்தது. ஓங்கின கை அப்படியே நின்று, பிறகு தலையில் போய் விழுந்தது. வரப்பில் நடக்க ஆரம்பித்தவர் ஓட ஆரம்பித்தார். வேட்டி காலைத் தடுக்கி இரண்டு இடத்தில் விழுந்தார்.

அப்பாவும் மாமாவும் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, முந்தின நாள் சாயங்காலமே புதைத்துவிட்டிருந்தார்கள். கேட்டு வந்த ஒரே ஆளும் இல்லையென்று போய்விட்ட பிறகு அவர்கள் வேறென்ன செய்வார்கள்? போலீஸ்காரர் அந்தத் துணித் துண்டை மறுபடி எடுத்துக் கொடுத்தார். இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் டெய்லர் கடைப் பட்டை தைத்திருந்தது, கீழே சங்கரன்கோவில் என்று ஊர் பெயர். மாமா, "இதை நேத்தே காட்டலையே சார்?" என்று அழுதிருக்கிறார். "காட்டத்தான வந்தேன். ஒங்க அத்தான்தான் கையத் தட்டிவிட்டாரு. அந்தக் கடைக்கும் ஆள் அனுப்புனோம், பூட்டிக் கெடந்துச்சு" என்றாராம் அவர். அப்பா அந்தத் துண்டை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். தோண்டி எடுக்கலாமா என்று மாமா கேட்டதற்கு வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார். முனிசிபாலிட்டி இடுகாட்டில் புதுசாக மூன்று மேடு இருந்தது. எந்த மேடு என்பதில் வெட்டியானுக்கே சந்தேகம்.

இனி ஊர் பேச வேண்டிய முறை. பேசியது. "பெல்பாட்டத்துல கால் தடுக்கித்தான் படியில இருந்து வுழுந்துருக்கான். தகப்பன் பேச்சைக் கேட்டிருந்தா இப்பிடி ஆவுமா?" துட்டி என்று துக்கம் கேட்க வந்தவர்களே எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். தபசுக் கூட்டத்தில் படியில் தொங்கினவர்களில் வேட்டி கட்டினவர்கள் எத்தனை பேர்! தண்டவாளத்துக்கு எல்லாத் துணியும் ஒன்றுதான். என் அண்ணன் அந்தப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு எங்கேயும் ஓடிப்போகவில்லை. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். என்னை ராட்டினம் பார்க்கக் கூட்டிப்போக, இடமில்லாத ரயிலில் தொங்கிக்கொண்டு வந்தான்.

அப்பா, தன்னைத் தாங்கிப் பேசினவர்களிடம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மாவோடு பேச்சே இல்லை. அம்மாவும் பேசவில்லை. இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும். டெய்லர் ஊருக்குத் திரும்பவே இல்லை. கடையை வேறு யாரோ வந்து காலி செய்தார்கள்.

பதினாறாம் நாள் கருமாதி. உடம்பைப் பார்க்காமல், தூக்காமல், குளிப்பாட்டாமல் ஒரு கருமாதி. படையலில் வைக்கப் புதுத்துணி வேண்டும். அது தாய்மாமன் முறை. மாமா நல்ல வேட்டியும் துண்டும் வாங்கி, தாம்பாளத்தில் மஞ்சள் தடவி வைத்துக்கொண்டு வந்தார். சொந்தம் பூராவும் சுற்றி உட்கார்ந்திருந்தது. அப்பா எழுந்து போய்த் தாம்பாளத்திலிருந்து வேட்டியை எடுத்து மாமா கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அவனுக்கு வேட்டி வேண்டாம் மாப்ள. அவன் பேண்ட்டு போடுத பிள்ள."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெரியப்பா முறையுள்ள ஒருவர், "படையல்ல பேண்ட்டா? ஏன் வே, ஊரு சிரிக்கும் வே" என்றார்.

"சிரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா படியிறங்கினார். அத்தனை நாள் கழித்து அவர் வாயிலிருந்து வந்த பேச்சு அவ்வளவுதான். உள்ளே சுவரோரம் கிடந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, கூடப் போ என்று கையைக் காட்டினாள். நான் ஓடிப்போய் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

ரத வீதியில் ரெடிமேட் பேண்ட் விற்கிற கடை அப்போது ஒன்றோ இரண்டோதான். அப்பா அந்த மாதிரிக் கடைக்குள் அதற்கு முன்னால் கால் வைத்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டார், கோயிலுக்குள் போகிறதுபோல. கடைக்காரர் வெளியூர்க்காரர், எங்களைத் தெரியாது.

"வாங்கண்ணாச்சி. யாருக்கு?"

"எம்மவனுக்கு. பேண்ட்டு."

"தம்பியையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. போட்டுப் பாத்துரலாம்லா."

"அவன் வரல."

"சரி, இடுப்பு எத்தன?"

அப்பாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. கடைக்காரர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, "இந்தச் சுத்தளவு அண்ணாச்சி. முப்பதா, முப்பத்திரெண்டா?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்?

"வளத்தி சொல்லுதேன். என்னைவிட இம்புட்டு" என்று தன் தலைக்கு மேல் நாலு விரற்கடை உயர்த்திக் காட்டினார். அது சரியான அளவுதான்.

"வளத்தி இருக்கட்டும். இடுப்புத் தெரியாம எப்பிடிக் குடுக்க? சும்மா கையால பிடிச்சுக் காட்டுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

அப்பா இரண்டு கையையும் முன்னால் நீட்டி, வளைத்து, விரல்களைக் கோத்தார். கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையை அணைக்கிற மாதிரி கொஞ்சம் இறுக்கினார். பிறகு, இவ்வளவுதான் என்பதுபோலக் கடைக்காரரைப் பார்த்தார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, இது அஞ்சாப்பு படிக்க பிள்ளைக்குள்ள இடுப்புல்லா? ஒங்களைவிட வளத்தியான ஆளுங்கிய?"

அப்பா குனிந்து தன் கைகளுக்கு நடுவே பார்த்தார். அதை அகட்டிக் காட்டவில்லை. எவ்வளவு அகட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.